கவுண்ட்டி ஜெயிலில் ஒரு பெயரைத் தேடுவது

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு கால். எடுத்தால் மெஷின் குரல். இந்த அழைப்புக்குக் கட்டணம் உண்டு, ஏற்பதானால் இந்த எண்ணை அழுத்துங்கள் என்று ஆரம்பித்தது. கார் வாரண்டி முடிந்துவிட்டது, மெடிகேர் கார்டு வந்திருக்கிறது என்று தினமும் நாலு மெஷின்கள் என்னைக் கூப்பிடுகின்றன. இதுவும் அந்த ரகம் என்று பாதியிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

கூப்பிட்டது என் அக்கா மகன். மேற்கு டெக்சாஸில் ஒரு கிராமப்புற கவுண்ட்டி ஜெயிலிலிருந்து. கவுண்ட்டி என்றால் கிட்டத்தட்ட நம் ஊர் மாவட்டம் மாதிரி.

லப்பக்கில் எம்.எஸ். படிக்கிற பையன். மாதம் ஒருமுறை, டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வருவான். காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. "லேட் ஆகும் மாமா, நீங்க தூங்குங்க, கராஜ் கோடு எனக்குத் தெரியும்" என்று சாயங்காலமே மெசேஜ் போட்டிருந்தான். ராத்திரி ஒன்றரைக்குக் கரூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு. "தம்பி, அவன் வந்துட்டானா? போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருதுடா." கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். கராஜில் என் கார் மட்டும் நின்றது.

அன்று விடியும்வரை தேடியதில் கொஞ்சம் கற்றேன். அப்புறம் ஏழெட்டு மாதம் அந்தக் காகிதங்களின் பின்னால் அலைந்ததில் மீதியைக் கற்றேன். நான் வக்கீல் இல்லை. நான் சொல்வதெல்லாம் டெக்சாஸ் நடைமுறை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் லொகேஷனை அவன் என்னோடு ஷேர் செய்திருந்தது புண்ணியம். கடைசிப் புள்ளி ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, நெடுஞ்சாலையை விட்டு விலகிய ஒரு பண்ணைச் சாலையில். இரண்டு சிற்றூர்களுக்கு நடுவில், சுற்றிலும் பருத்திக் காடும் காற்றாலையும் தவிர எதுவும் இல்லாத இடம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிகளைக் கூப்பிட்டேன். இல்லை. பிறகுதான், போலீஸ் பிடித்திருக்குமோ என்ற நினைப்பே வந்தது.

நம் ஊரில் பிடித்த ஸ்டேஷனிலேயே லாக்கப் இருக்கும். ஸ்டேஷனைத் தெரிந்துகொண்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே பிடிக்கிறவர் ஒருவர், வைத்திருப்பவர் வேறொருவர். நெடுஞ்சாலையில் ட்ரூப்பர் என்கிற மாநில போலீஸ்காரர் பிடிப்பார், சிற்றூருக்குள் நகர போலீஸ், வெளியே ஷெரிஃபின் டெபுட்டி. யார் பிடித்தாலும் கிராமப்புறத்தில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் கவுண்ட்டி ஜெயிலில்தான். அதை நடத்துகிறவர் ஷெரிஃப். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள். ஆகவே போலீஸ் வெப்சைட்டுகளில் நான் செலவழித்த நேரமெல்லாம் வீண்.

இன்னொரு அரை மணி நேரம் போனது 'ஜெயில்' என்ற சொல்லால். நமக்கு எல்லாமே சிறை. இங்கே ஜெயில் வேறு, பிரிசன் வேறு. இன்று பிடிபட்டவர்கள், வழக்கு முடியாதவர்கள், சின்னத் தண்டனைக்காரர்கள் எல்லாம் கவுண்ட்டி ஜெயிலில். தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போனவர்களின் பெயர் மாநிலச் சிறைத் துறையின் தேடலில் வரும். மத்திய அரசின் சிறைத் தேடலில் 1982 முதலான கூட்டாட்சிக் கைதிகள் இருக்கிறார்கள். இரண்டிலும் அவன் பெயரைத் தட்டிப் பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு வேறு விட்டேன். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் பிடிபட்டவன் அங்கே எப்படி வருவான்?

எந்த கவுண்ட்டி என்பது அடுத்த கேள்வி. டெக்சாஸில் 254 கவுண்ட்டிகள். லவிங் கவுண்ட்டியில் 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் மொத்தம் 64 பேர். அதற்கும் ஒரு ஷெரிஃப் உண்டு. ஊர்ப் பெயரை வைத்து கவுண்ட்டியை முடிவு செய்யவும் முடியாது. டாலஸ் நகரமே ஐந்து கவுண்ட்டிகளில் கால் வைத்திருக்கிறது. லப்பக்கிலிருந்து இர்விங் வருவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட கவுண்ட்டிகளைத் தாண்ட வேண்டும். மேப்பில் கவுண்ட்டி எல்லைக் கோட்டைப் போட்டு, கடைசிப் புள்ளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன்.

அந்த கவுண்ட்டியின் ஷெரிஃப் பக்கத்தைத் திறந்தேன். ஷெரிஃபின் படம், தொப்பி, ஒரு குதிரை. ஜெயில் பட்டியல் எங்குமே இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கூகுளில் அவன் பெயரோடு "அரெஸ்ட்" என்று சேர்த்துத் தட்டினேன். வரிசையாகத் தனியார் தளங்கள். ஒன்றில் அவன் பெயர், அவன் அப்பா பெயர், பக்கத்தில் ஒரு குற்றச்சாட்டு. என்ன குற்றச்சாட்டு என்று எழுத மனம் வரவில்லை. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அக்கா இன்னொரு லைனில் "என்னடா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்கிறாள். முழு விவரம் பார்க்கக் கார்டு நம்பர் கேட்டது. கார்டை எடுத்தும்விட்டேன். அப்போதுதான் மூலையில் சின்ன எழுத்தில் வயது 41 என்று கண்ணில் பட்டது. எங்கள் பையனுக்கு 24.

இந்தத் தளங்கள் பல கவுண்ட்டிகளின் பட்டியலைத் தானாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டி வைத்திருப்பவை. பழைய தகவல், விடுதலையானது தெரியாது, வழக்குத் தள்ளுபடியானது தெரியாது, யாருடைய படம் யாருடைய பெயரோடு என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு கலங்கி உட்கார்ந்திருக்கிறவன்தான் அவர்களுக்கு வாடிக்கையாளர்.

போனை எடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். கிராமப்புற ஷெரிஃப் ஆபீஸ்களில் வெப்சைட்டை எப்போது புதுப்பிப்பார்கள் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் வார நாள் காலையில் ஒரு பிடிஎஃப் ஏற்றுவதோடு சரி. ஆனால் டிஸ்பாட்ச் என்கிற மேசையில் இருபத்து நாலு மணி நேரமும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். 911-ஐ அழுத்தக் கூடாது, அது அவசரத்துக்கு. அவசரமில்லாத எண் என்று தனியாக இருக்கும்.

எடுத்தவர் ஒரு வயதான அம்மா, குரலில் தூக்கமே இல்லை. பையன் இந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தான், காணோம், உங்கள் ஜெயிலில் இருக்கிறானா என்று கேட்டேன். "எங்களுக்கு ஜெயிலே கிடையாதே தம்பி" என்கிற தொனியில் ஒரு பதில். இங்கே அவர்கள் சொல்கிற "ஹனி"யை எனக்கு "தம்பி" என்றுதான் கேட்கத் தோன்றியது. சின்ன கவுண்ட்டிகளில் இது உண்டாம். சொந்தமாக ஜெயில் நடத்தக் கட்டுப்படியாகாமல், பக்கத்து கவுண்ட்டிக்குப் பணம் கொடுத்துத் தங்கள் ஆட்களை அங்கே வைக்கிறார்கள். எந்த கவுண்ட்டி என்று அவரே சொல்லி, நம்பரும் கொடுத்தார்.

பக்கத்து கவுண்ட்டியில் ரோஸ்டர் என்கிற பட்டியல் ஆன்லைனிலேயே இருந்தது. கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அவன் அப்பா பெயரைத் தட்டினேன். பூஜ்யம். ஸ்பெல்லிங்கை மூன்று விதமாக மாற்றினேன். பூஜ்யம். அங்கும் போன் செய்தேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். பையனின் நிஜப் பெயர் வேண்டாம், அருண்குமார் என்று வைத்துக்கொள்வோம், அப்பா சுப்பிரமணியன். நமக்கு அவன் எஸ். அருண்குமார். பாஸ்போர்ட் எடுத்தபோது ஏஜென்ட் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டு, இரண்டு பெயரையும் சேர்த்துக் 'கிவன் நேம்' கட்டத்தில் போட்டுவிட்டார். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கொடுக்கும்போது, முழுப் பெயரையும் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப், என், யு என்று மூன்று எழுத்தை வைக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். விசாவில் இருக்கிறபடி டிரைவிங் லைசென்ஸ், லைசென்ஸில் இருக்கிறபடி ஜெயில் பட்டியல்.

அந்தப் பக்கம் இருந்த ஜெயிலர் பொறுமைசாலி. கடைசிப் பெயர் என்ன? சுப்பிரமணியன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இல்லை. முதல் பெயர்? அருண்குமார். இல்லை. பிறந்த தேதி? "சைபர் நாலு, பதினொன்று" என்றேன். இல்லை. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். "உன் மருமகன் இந்தியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இங்கே ஃப்னு என்று ஒரு பையன் இருக்கிறான். பத்தரை வாக்கில் வந்தான். சாப்பாடு வேண்டாம் என்கிறான்."

ஃப்னு. எங்கள் வீட்டில் இன்றும் அவனுக்கு அதுதான் பட்டப்பெயர்.

தேதியிலும் நான்தான் குழப்பியிருந்தேன். அவன் பிறந்தது நவம்பர் 4. நான் நம் வழக்கப்படி நாளை முன்னால் சொன்னேன், அவர் ஏப்ரல் 11 என்று தேடியிருக்கிறார். மாதத்தை எண்ணில் சொல்லாமல் பெயராகச் சொல்லியிருந்தால் இந்தச் சுற்று மிச்சமாகியிருக்கும்.

எப்படியோ ஆள் கிடைத்தான். அக்காவிடம் "ஜெயில்ல இருக்கான், நல்லா இருக்கான்" என்றேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஒரு தாயிடம் சொல்ல வேண்டிய நிலை எவனுக்கும் வரக் கூடாது. ஐந்து நிமிஷம் அழுதாள். அப்புறம் "சாப்பிட்டானாமா?" என்றாள்.

ரோஸ்டரை மறுபடி திறந்து ஏ எழுத்துக்குப் போனால், அங்கேயேதான் இருந்தான். ஒரே ஒரு வரி. அதைப் படிக்கத் தெரியாததால் இன்னொரு முறை பயந்தேன். புக்கிங், அதாவது ஜெயிலில் பதிவு செய்த நேரம் 22:24. பிடித்த அமைப்பு என்ற இடத்தில் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை, அதாவது ட்ரூப்பர். குற்றச்சாட்டு என்ற இடத்தில் எஃப்டிஏ என்று மூன்று எழுத்து. பாண்ட் 0.00. கடைசியில் ஹோல்ட், பக்கத்தில் மூன்றாவது ஒரு கவுண்ட்டியின் பெயர்.

எஃப்டிஏ என்றால் கோர்ட்டுக்கு வராமல் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் அந்த மூன்றாவது கவுண்ட்டியில் ஏதோ ஒரு டிராஃபிக் டிக்கெட் வாங்கியிருக்கிறான். வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு மாறி, கோர்ட் கடிதம் பழைய அபார்ட்மென்ட்டுக்கே போய், வாரண்ட் போட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி பின்பக்க லைட் எரியவில்லை என்று நிறுத்திய ட்ரூப்பர் லைசென்ஸை கம்ப்யூட்டரில் பார்த்ததும் வாரண்ட் வந்துவிட்டது. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய சின்ன விஷயத்துக்குப் பிடித்து உள்ளே வைப்பார்களா என்று கேட்காதீர்கள். டெக்சாஸின் லாகோ விஸ்டாவில் சீட் பெல்ட் போடாததற்காக 1997-ல் கெயில் அட்வாட்டர் என்ற பெண்மணியைக் கைது செய்தார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2001-ல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது.

பாண்ட் 0.00 என்பதைப் பார்த்து, காசு கட்டாமலே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அர்த்தம் அதுவல்ல. ஜாமீன் தொகையை இன்னும் யாரும் நிர்ணயிக்கவில்லை, அல்லது ஜாமீனே இல்லை. எது என்று போனில்தான் கேட்க வேண்டும். ஹோல்ட் என்றால் இங்கே ஜாமீன் கிடைத்தாலும் வேறொரு இடத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதே போல டிடபிள்யூஐ என்றால் போதையில் வண்டி ஓட்டியது. 'கேப்பியஸ் ப்ரோ ஃபைன்' என்று லத்தீன் வாசனையோடு இருந்தால் பயப்பட வேண்டாம், தீர்ப்பான அபராதத்தைக் கட்டவில்லை என்பதற்கான வாரண்ட். இந்தச் சுருக்கங்கள் தெரியாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நான் போட்டேன். சென்னைச் சித்தப்பா ஒருவர் எஃப்டிஏ என்பதைப் போதைப்பொருள் சம்பந்தப்பட்டது என்று விளக்கம் கொடுத்து, அதைத் திருத்த இரண்டு நாள் ஆனது.

காலையில் என்ன நடக்கும் என்பதையும் அந்த ஜெயிலரே சொன்னார். டெக்சாஸில் பிடிபட்டவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். கிராமப்புறத்தில் அந்த மாஜிஸ்ட்ரேட் பெரும்பாலும் ஜேபி எனப்படும் அமைதி நீதிபதி. அவரும் தேர்தலில் ஜெயித்து வருபவர்தான், சட்டம் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம்கூட இல்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வருவார் என்றார். நான் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு கால். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து சார்ஜென்ட் இன்னார் பேசுகிறேன், உங்கள் பையனை உடனே விட 900 டாலர், ஆப்பில் அனுப்புங்கள் என்றான். கவுண்ட்டி பெயர், புக்கிங் நேரம், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொன்னான். ஆனால் பையனை மிஸ்டர் ஃப்னு என்றான். பட்டியல் பொதுவில் இருப்பதால் திருடனும் படிக்கிறான். எந்த ஷெரிஃப் ஆபீஸும் உங்களைக் கூப்பிட்டு கிஃப்ட் கார்டிலோ ஆப்பிலோ ஜாமீன் பணம் கேட்காது. வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும். என் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஜெயில் போன்களை ஒரு கம்பெனி நடத்துகிறது. செல்போனுக்கு அழைப்பு வர, நாம் முன்பணம் போட்டுக் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும். பேசுவது பதிவாகும், வக்கீலோடு பேசுவதைத் தவிர. ஆகவே என்ன நடந்தது என்று போனில் விசாரிக்காதீர்கள். "சாப்பிட்டியா, உடம்பு சரியா, நான் வர்றேன்" போதும். இந்தியக் குடிமகன் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு. டெக்சாஸுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கைரேகை எடுத்ததும் அது குடியேற்றத் துறைக்கும் போகும் என்பதால் வயிற்றில் புளியைக் கரைத்தது உண்மை. அந்தத் துறை பிடித்து வைத்திருப்பவர்களைத் தேட அதற்குத் தனித் தேடல் பக்கம் உண்டு. பெயரோடு பிறந்த நாட்டையும் கொடுக்க வேண்டும். அதிலும் பெயர் அவர்கள் எழுதியபடியே இருந்தாக வேண்டும். பையனின் மாணவர் விசா ஒழுங்காக இருந்ததால் பிரச்சினை வரவில்லை.

பத்தேகாலுக்கு வெளியே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் செல்போன், பெல்ட், ஷூ லேஸ், காசு எண்ணி எழுதிய ரசீது. சொந்தப் பொறுப்பில் விட்டிருந்தார்கள், வாரண்ட் போட்ட கோர்ட்டில் போய் நிற்க வேண்டும் என்ற உத்தரவோடு. காரில் ஏறியதும் முதலில் கேட்டது, "ஏன் மாமா போனை கட் பண்ணீங்க?"

ஆள் வெளியே வந்தாலும் காகிதம் உள்ளேயே இருக்கிறது. அடுத்த சில மாதங்கள் அதோடுதான்.

திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பிடித்தோம். கோர்ட்டுக்கு வராத வழக்கு கைவிடப்பட்டது. பழைய டிக்கெட்டுக்குப் பணம் கட்டி, சில மாதம் புது டிக்கெட் வாங்காமல் இருந்தால் தள்ளுபடி என்று ஏற்பாடு. எல்லாம் முடிந்தபிறகு, முடிந்தது என்பதற்கான காகிதம் வேண்டும். ஏனென்றால் விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கிறார்கள். தண்டனை உண்டா என்று மட்டும் கேட்பதில்லை. ஆமாம் என்று எழுதினால், வழக்கு எப்படி முடிந்தது என்று முத்திரையிட்ட கோர்ட் நகலைக் காட்ட வேண்டும்.

அந்த நகல் எங்கே கிடைக்கும்? ஷெரிஃப் ஆபீஸில் கிடைக்காது. அவர்களிடம் இருப்பது புக்கிங் விவரம்: பிடித்தது, வைத்தது, விட்டது. வழக்கு என்ன ஆனது என்பது கோர்ட் கிளார்க்கிடம். டெக்சாஸில் அபராதம் மட்டும் உள்ள கிளாஸ் சி விஷயங்கள் ஜேபி கோர்ட்டிலோ நகராட்சி கோர்ட்டிலோ. முதல் தடவை போதையில் வண்டி ஓட்டியது போன்ற, ஜெயிலுக்கு வாய்ப்புள்ள சின்னக் குற்றங்கள் கவுண்ட்டி கிளார்க்கிடம். பெரிய குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். மக்கள்தொகை 8,000-க்குக் கீழே உள்ள கவுண்ட்டிகளில் இந்த இரண்டு கிளார்க்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். நகலுக்குப் பக்கத்துக்கு ஒரு டாலர் மாதிரி, முத்திரைக்குத் தனி. கிராமக் கோர்ட்டுகள் சிலவற்றில் ஆன்லைனில் ஒன்றும் இருக்காது. போன் செய்து கேட்டு, செக்கும் பதில் கவரும் தபாலில் அனுப்பினேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை கூப்பிடாதீர்கள், ஆபீஸையே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

வந்த முதல் நகலில் பெயரின் வரிசை மாறியிருந்தது. இரண்டு பெயருக்கு நடுவே இருந்த இடைவெளியையும் காணோம். பாஸ்போர்ட்டோடு பொருந்தாத நகல் தூதரக ஜன்னலில் பிரயோஜனப்படாது என்று வக்கீல் சொன்னார். மறுபடி போன், மறுபடி தபால். பாஸ்போர்ட் நகலை இணைத்து, இவரும் அவரும் ஒருவரே என்று திருத்தி வாங்க ஆறு வாரம் ஆயிற்று.

புக்கிங் விவரத்தை எழுத்தில் வாங்க வேண்டுமென்றால் ஷெரிஃப் ஆபீஸுக்குப் பொதுத் தகவல் சட்டத்தின்படி ஒரு கடிதம் போதும். நம் ஊர் ஆர்டிஐ மாதிரிதான், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விசாரணை நடக்கிறது என்று மற்றதை மறைக்கலாம். ஆனால் யாரை, எப்போது, எங்கே, எதற்காகக் கைது செய்தார்கள் என்ற அடிப்படை விவரத்தை மறைக்கக் கூடாது. 1975-ல் ஒரு ஹூஸ்டன் பத்திரிகை போட்ட வழக்கில் வந்த விதி அது, இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. மறைக்க விரும்பினால் பத்து வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். சாதாரண நகல் பக்கத்துக்குப் பத்து சென்ட். ஒரு சூட்சுமம்: "எல்லா ரெக்கார்டும்" என்று எழுதினால் இழுத்தடிக்கும். பெயர், பிறந்த தேதி, புக்கிங் தேதி, வேண்டியது புக்கிங் ஷீட் என்று எழுதியதும் எனக்கு நாலாம் நாள் மெயிலில் வந்துவிட்டது. இந்தச் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது, கோர்ட் நகலுக்குக் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும்.

தள்ளுபடியானபிறகு ரெக்கார்டையே அழிக்கச் சொல்லி மனுப் போடலாம். அக்காவுக்கு அதில்தான் அவசரம். வக்கீல் தடுத்தார். அழித்துவிட்டால் காகிதமே இருக்காது, விசா அதிகாரி கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? முதலில் முத்திரையிட்ட நகல்கள் நாலைந்து வாங்கிப் பெட்டியில் வையுங்கள், பிறகு அழியுங்கள் என்றார். நான் கொடுத்த பீஸுக்கு இந்த ஒரு வாக்கியமே தகும்.

இதற்கிடையில் அவன் புக்கிங் போட்டோ ஒரு தனியார் தளத்தில் ஏறிவிட்டது. கலைந்த தலை, சிவந்த கண், பெயர் ஃப்னு. முழுமையில்லாத, தவறான விவரத்தை எடுக்கப் பணம் கேட்பதை டெக்சாஸ் 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அதைச் சுட்டி, தள்ளுபடி நகலை இணைத்து வக்கீல் ஒரு கடிதம் போட்டார், எடுத்துவிட்டார்கள்.

"எதுக்குடா ஊருக்கே போட்டுக் காட்டறாங்க? மானம் போச்சு" என்று அக்கா பலமுறை கேட்டாள். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தப் பட்டியலை மூடி வைத்திருந்தால் அன்று ராத்திரி அவனை எங்கே தேடியிருப்பேன்? யாரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அரசாங்கம் சொல்லாத ஊர்களும் உலகத்தில் இருக்கின்றன. 1993 டிசம்பரில் கென்டக்கியின் லூயிவில்லில் மேரி பைரன் என்ற பெண்ணை அவருடைய முன்னாள் காதலன் சுட்டுக் கொன்றான். அவன் ஜாமீனில் வெளியே வந்தது அவருக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அந்த கவுண்ட்டியில் தொடங்கியதுதான் வைன் என்ற அறிவிப்புச் சேவை, கைதி வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குப் போன் வரும். பட்டியல் திறந்திருப்பது அவர்களுக்காகவும்தான். போட்டோவை விற்றுக் காசு பார்ப்பவனைத் திட்டலாம், பட்டியலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கதை உறவில் பரவியதில் எனக்கு ஒரு புது வேலை வந்துவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் பெயரை அனுப்பி, "பையன் மேல ஏதாவது கேஸ் இருக்கான்னு பாருப்பா" என்கிறார்கள். முதலில் ஒன்றிரண்டு பார்த்தேன், இப்போது தயங்குகிறேன். கைது என்பது குற்றம் நிரூபணமானது என்று ஆகாது, எங்கள் பையனே சாட்சி. ஒரே பெயரில் ஆயிரம் பேர், அந்த 41 வயதுக்காரர் யாரோ, அவர் கதை என்னவோ. கவுண்ட்டி தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்றும் வராதது நல்ல பையன் என்பதற்குச் சான்றும் கிடையாது.

போன மாதம் ஈரோட்டு அத்தை ஒரு பையனின் ஜாதகத்தையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பிறந்த தேதி வேண்டும் என்று நான் கேட்டதற்கு அது.

"அத்தை, இது ஜாதகத் தேதியா, சர்டிபிகேட் தேதியா?"

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "ரெண்டும் வேற வேறயாம்ப்பா. ஸ்கூல்ல சேர்க்கறப்ப மாத்திப் போட்டுட்டாங்களாம். நீ எதை வச்சுப் பார்ப்ப?"